கரட்டு மேடையின் மேற்குக் கால்

என் பிள்ளைக்கு,

நீ மகனா மகளா என்று எனக்குத் தெரியாது. நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே இப்போது ப்ளஸ் ஒன்தான் நடக்கிறது. ஆனாலும் நீ வளர்ந்து ஆளான பிறகு படிப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இப்படி ஒரு கடிதம் எழுதச் சொன்னவர் எங்கள் தமிழம்மா. "நீங்கள் ஒரு தாய். உங்கள் பிள்ளை படிப்பை முடித்து வேலைக்காக வெளியூர் கிளம்புகிறது. என்ன சொல்லி அனுப்புவீர்கள்? எழுதுங்கள்" என்றார். எழுதினேன். உழைப்பு, நேர்மை, பெரியவர்களை மதிப்பது எல்லாம் வரிசையாக வந்தன. உண்மையைச் சொல், எதற்கும் அஞ்சாதே என்று உனக்கு முடிவில் புத்தி சொல்லியிருந்தேன். தமிழம்மா என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். வகுப்பே கைதட்டியது. அஞ்சாதே என்ற இடத்தில் என் குரல் நடுங்கியது. உணர்ச்சி பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கடிதம் முழுக்கப் பொய். உனக்கு நான் எழுத வேண்டிய கடிதம் இதுதான். அம்மாவும் அப்பாவும் உள்ளே படுத்திருக்கிறார்கள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். விடிந்தால் எங்கள் வகுப்பு முழுவதும் கரட்டின் மேல் ஏறப்போகிறது. அங்கே என் அப்பா கட்டிய மேடையை நாளைக்குத் திறக்கிறார்கள். அந்த மேடையின் ஒரு கால் காற்றடிக்கும்போது பாறையை விட்டு எழும்புகிறது. அதை நான் கண்ணால் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பது உனக்குப் புரிய வேண்டுமானால் முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உனக்கு அப்புச்சி. லாரிக்குப் பாடி கட்டுகிறவர். கம்பெனியிலிருந்து வெறும் எலும்புக்கூடாக வரும் வண்டி, எங்கள் பட்டறையிலிருந்து சுற்றுப்பலகையும் கதவும் பெயின்ட்டுமாக வெளியே போகும். பட்டறை நாமக்கல் ரோட்டில் இருக்கிறது. வீடு சேந்தமங்கலத்துக்கு இந்தப் பக்கம், கரட்டின் அடிவாரத்தில். நீ கரடு பார்த்திருக்கிறாயோ என்னவோ. மலை என்று சொல்ல முடியாது; சமவெளியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பாறைக் குன்று. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கொல்லிமலை சுவர் மாதிரி தெரியும். மறுபக்கம் கோழிப்பண்ணைகளின் நீளக் கூரைகள், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் காடுகள், தூரத்தில் ஊர்ந்து போகும் லாரிகள். சாயங்காலமானால் ஊர்ப் பிள்ளைகள் பாறை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கும். அது ஆபத்து என்று ஊரில் பேச்சு வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "ஏனுங் மாப்ள, லாரிக்கே ஊடு கட்டறீங்க, கரட்டு மேல நின்னு பாக்கறதுக்கு ஒரு எடம் கட்டித் தர மாட்டீங்களா?" என்று கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. அன்று சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: "இத்தன வருசமா நான் கட்டுனது எல்லாம் ரோட்டுல ஓடிப்போயிருச்சு. எது எங்க கெடக்குதுன்னே தெரியாது. இது ஒண்ணாச்சும் நின்ன எடத்துல நிக்கும். தோணறப்ப போய்ப் பாத்துக்கலாம்." அதற்கு அம்மா, "போய்ப் பாக்கறதுக்கு மொதல்ல கரடு ஏறோணும். மொட்டமாடி ஏறவே மூச்சு வாங்குது உங்களுக்கு" என்றார். அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

மேடையை வரைந்தது நான். அதை உன்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டும். கரட்டுக்கு வண்டிப் பாதை கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். அதனால் எந்தச் சாமானும் இரண்டு ஆள் தோளில் தூக்கிப் போகிற எடைக்குள் இருக்க வேண்டும். மேலே கொண்டுபோய் வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்டே பூட்ட வேண்டும். பாறையை உடைக்கக் கூடாது. துளை மட்டும் போட்டுக்கொள்ளலாம். இதெல்லாம் அப்பா சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். நான்கு பைப் கால், மேலே ஒரு சின்னத் தளம், தளத்தில் பாதி பாறைக்கு மேல், பாதி அந்தரத்தில், சுற்றிலும் இடுப்புயரத்துக்கு மெல்லிய கம்பி. ஈர்க்குச்சியையும் நூலையும் வைத்து ஒரு மாதிரி செய்து அப்பாவிடம் காட்டினேன். அவர் அதன்மேல் ஒரு படி அரிசியைத் தூக்கி வைத்தார். அது அசையாமல் நின்றது. "இஞ்சினியர் வந்துட்டாங்க ஊட்டுக்கு" என்று என் தலையைத் தட்டினார். மேலிருந்து அமுக்கிப் பார்த்தோம். பக்கத்திலிருந்து ஒருவரும் ஊதிப் பார்க்கவில்லை. நீ என்ன படித்தாலும், என்ன வேலைக்குப் போனாலும், இந்த ஒரு வரியை மட்டும் மறக்காதே.

இப்போது எங்கள் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு அது சிரிப்பாக இருக்கலாம். ஒரு லாரி பாடி கட்டி முடிந்து, பூசணிக்காய் உடைத்து, முதல் லோடுக்குக் கிளம்பும்வரை பட்டறைக்குள் யாரும் 'கவிழும்', 'விழும்', 'உடையும்' என்ற சொற்களைச் சொல்லக் கூடாது. அப்பா போட்ட சட்டம் அது. அவருக்கு முன்னால் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் போட்ட சட்டம். ரோட்டில் குப்புறக் கிடக்கிற லாரியைக்கூட "வண்டி படுத்திருக்குது" என்றுதான் சொல்வார்கள். பட்டறைக்குச் சோறு கொண்டுபோன அம்மாவின் கையிலிருந்து சாம்பார்த் தூக்கு சரிந்தபோது வேலை செய்த அத்தனை பேரும் ஒரே குரலில் "சாம்பார் எறங்கிருச்சு!" என்றார்கள். வீட்டிலும் அதே பழக்கம். நான் பரீட்சையில் தோற்றால்கூட "மார்க்கு படுத்துருச்சு" என்பார் அப்பா.

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அந்தச் சட்டத்தை மீறினேன். தெரியாமல்தான் மீறினேன். பரமத்தி வேலூரிலிருந்து ஒருவர் வாழைத்தார் ஏற்றுவதற்காகப் புது லாரிக்குப் பாடி கட்டக் கொடுத்திருந்தார். வண்டியை எடுக்கக் குடும்பத்தோடு வந்திருந்தார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அவ்வளவு உயரமான வண்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. அண்ணாந்து பார்த்து, "அப்பா, இது கவுந்துருமாங்கப்பா?" என்று கேட்டேன். பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. அந்த ஆளின் மனைவி சட்டென்று என் வாயைப் பொத்தினார். இன்னொரு எலுமிச்சம்பழம் தேடி எடுத்து வந்து நசுக்கினார்கள். சில மாதம் கழித்து அந்த வண்டி ஒரு கணவாய்த் திருப்பத்தில் தார்களோடு கவிழ்ந்தது. டிரைவருக்குக் கால் போய்விட்டது. வண்டிக்காரர் பட்டறைக்கு வந்து ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. டீ குடித்தார். போகும்போது என்னை ஒரு தடவை பார்த்தார். அன்று சாயங்காலம் அம்மா என் நாக்கை நீட்டச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார். "கருநாக்குடி உனக்கு. இனிமே பட்டறப் பக்கம் வாயத் தொறக்காத" என்றார். அம்மா அதை மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. கண்ணாடியில் இன்றைக்கும் நாக்கை நீட்டிப் பார்க்கிறேன். மற்றவர்கள் நாக்கு மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் நான் சொன்னால் நடந்துவிடும் என்ற பயம் போகவில்லை.

சரி, மேடைக்கு வருகிறேன். ஒரு இன்ஜினியர் வந்து என் வரைபடத்தைப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வரைபடத்தில் சுற்றிலும் கம்பிதான் இருந்தது. கால்களை ஊன்றித் தளமும் கம்பியும் பூட்டிய பிறகு அப்பா என்னை மேலே கூட்டிப்போனார். செல்வம் மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி அவர். அப்பாவின் பட்டறையில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருந்தவர். நான் தளத்தில் காலை வைத்து விளிம்புக்குப் போனேன். கம்பிகளுக்கு நடுவே கீழே பனைமரங்களின் தலை தெரிந்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். நான் வரைந்த மேடையில் நிற்க எனக்கே பயம் என்று எப்படிச் சொல்வேன்? இஞ்சினியர் என்று கூப்பிடுகிறாரே. அதனால் வேறு மாதிரி சொன்னேன். "அப்பா, இப்பிடி ஓட்ட ஓட்டையா இருந்தா நல்லாவே இல்லீங்கப்பா. வண்டிக்கு அடிக்கிற மாதிரி சுத்தியும் தகடு அடிச்சிரலாங்கப்பா. வெளிப்பக்கம் ஊர் பேரை எழுதலாம். கீழ ரோட்டுல இருந்து பாத்தாலே தெரியும்." அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. லாரியின் முகப்பில் நெற்றிப்பட்டை கட்டிப் பெயர் எழுதுவதுதான் அவருக்கு மிகப் பிடித்த வேலை.

மாமா கம்பியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "பாக்கறதுக்குன்னு கட்டிப்போட்டு அதைய மறைச்சுக் கட்டறதா? நல்லாருக்குது கண்ணு உன்ற பிளானு. சுத்தியும் தகடு அடிச்சா ஆடிக் காத்துல கவுந்துரும் மச்சான்" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு முகம் கறுத்தது. "வாயக் களுவுடா மொதல்ல! நின்ன வண்டிக்கு ஏதுடா காத்து? ஓடுனாத்தான காத்து!" என்று கத்தினார். அப்பா சொன்னது எங்களுக்கு எவ்வளவு நியாயமாகப் பட்டது தெரியுமா? எங்கள் தொழிலில் காற்று என்பது வண்டி ஓடும்போது எதிரே வந்து மோதுகிற ஒன்று. பட்டறையில் நிற்கிற வண்டிக்குக் காற்றே கிடையாது. பாறைமேல் அசையாமல் நிற்கிற ஒன்றைத் தேடிக் காற்று வரும் என்று லாரி கட்டுகிற எங்களுக்குத் தோன்றவில்லை. மாமாவுக்கும் பெரிதாக எதுவும் தெரிந்திருக்காது. அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிக்கிறவர். ஆனால் அவர் அத்தோடு விட்டுவிட்டாலும் நான் விடவில்லை. அப்பா என் பக்கம் நிற்கிறார் என்ற தைரியத்தில் வேலையாட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "மாமாவுக்குத் தகடு வளைக்க வராதுங்கப்பா. வளைச்ச தகடெல்லாம் அப்பளம் மாதிரி இருக்கும். அதான் வேண்டாங்கறாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மாமாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. மறு வாரமே கரூரில் பஸ் பாடி கட்டுகிற இடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார். அபசகுனமாகப் பேசியதற்கு அப்பா திட்டியதால் போனார் என்று வீட்டில் நினைக்கிறார்கள். நான் பேசியதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. எனக்குப் பயம் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தகடும் வந்திருக்காது, மாமாவும் போயிருக்க மாட்டார்.

தகடு அடித்து முடிந்தது. ஊர்ப் பெயரை அப்பாவே எழுதினார். மஞ்சளில் எழுதிச் சிவப்பில் நிழல் கொடுத்தார். போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நான் சீருடையோடு நேரே கரட்டுக்கு ஏறினேன். அப்பா மேலே நின்றுகொண்டிருந்தார். மேற்கேயிருந்து ஆடிக் காற்று வந்தது. மேடை மெல்ல ஆடியது. அப்பா ரசித்தார். "பாத்தியா சாமி, நல்லாக் கட்டுன பாடி இப்பிடித்தான் ஆடோணும். ஆடுனாத்தான் பலம்" என்றார். செல்லமாக என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். நான் மேலே ஏறாமல் மேற்குப் பக்கத்துக் கால் அருகே பாறையில் உட்கார்ந்தேன். அங்கே கால் பாறையைத் தொடுகிற இடத்தில் ஒரு இரும்புத் தட்டு இருக்கிறது. அதைத்தான் பாறைக்குள் இறக்கிய போல்ட் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காற்று ஓங்கும்போது தட்டுக்குக் கீழே ஒரு கோடு திறந்தது. காற்று அடங்கும்போது மூடியது. முதலில் என் கண்தான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தேன். கழுத்தில் தொங்கிய ஐடி கார்டை அந்தக் கோட்டில் நுழைத்துப் பார்த்தேன். அது பாதிவரை உள்ளே போனது. காற்று நின்றதும் மாட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தும் வரவில்லை. அடுத்த காற்று வரும்வரை நான் அந்தக் காலோடு கட்டப்பட்ட ஆட்டுக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன். மேலே அப்பா ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பேசலாம் என்று ஒவ்வொரு வேளையும் அப்பா முன்னால் போய் நின்றேன். "என்ன சாமி?" என்பார். "ஒண்ணுமில்லீங்கப்பா" என்பேன். சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு பயம். சொன்னால் தகடு ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும், மாமா ஏன் போனார் என்று சொல்ல வேண்டும் என்று இன்னொரு பயம். இந்த இரண்டில் எது பெரியது என்று உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை. இரண்டாவதுதான் பெரியது. கருநாக்கு என்பது எனக்கு ஒரு சாக்காகவும் இருந்தது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், நாளைக் காலையில் எங்கள் வகுப்புதான் முதலில் மேடைமேல் நிற்கப்போகிறது, வரைந்தவள் இந்த வகுப்புப் பிள்ளை என்பதால் அந்த மரியாதை என்று அறிவித்தார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்காருகிறவள் என் கையைக் கிள்ளி, "நான்தான்டி உன் பக்கத்துல நிப்பேன்" என்றாள்.

அந்த வரியை எழுதிய பிறகு என்னால் மேலே எழுத முடியவில்லை. எழுந்து போனேன். இப்போது திரும்பி வந்து மீதியை எழுதுகிறேன்.

அப்பா தூங்கவில்லை. கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் நின்று, ஒரே மூச்சில், "அப்பா, மேடை கவுந்துருங்கப்பா" என்றேன். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை அடித்ததே இல்லை. ஆனாலும் அப்படி நினைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து மெதுவாக, "எந்தக் காலு?" என்று கேட்டார்.

"மேக்கால இருக்கறதுங்கப்பா. காத்தடிச்சா தூக்குது."

"ம். நானும் பாத்தன் சாமி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்பங்கப்பா?"

"பெயின்ட் அடிக்கறப்பவே. வாசர் ஒண்ணு போட்டு இறுக்குனேன். நிக்கும்னு நெனச்சன். ஒவ்வொரு நாளும் போயி இறுக்கறன், ஒவ்வொரு நாளும் லூசாகுது. போல்ட் புடிச்ச பாற பொடிஞ்சுபோச்சு."

"ஏனுங்கப்பா ஆருகிட்டயும் சொல்லல?"

"ஆருகிட்டச் சொல்றது? அந்தப் பேச்சே பேசக் கூடாதுன்னு ஊரையே மிரட்டி வெச்சிருக்கறவன் நானு. பேசுனவனையும் தொரத்திப்போட்டன்." கொஞ்ச நேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இது ஒண்ணாச்சும் நிக்கட்டும்னு பாத்தன்" என்றார்.

அப்போதுதான் நான் மீதியையும் சொன்னேன். பயத்தினால்தான் தகடு கேட்டேன் என்றும், மாமாவை அவமானப்படுத்தியது நான் என்றும் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "பயம்னு சொல்லியிருந்தா கம்பிய நெருக்கமாப் போட்டிருப்பன், சாமி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த ஒரு வாக்கியத்தை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. எவ்வளவு சின்ன வேலையில் முடிந்திருக்கும் பார்.

பேச்சுச் சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தார். "விடிஞ்சா நல்ல காரியம். இந்நேரத்துல என்ன பேச்சு இது?" என்றார். அப்பா, "நல்ல காரியந்தான் பேசறோம். தகட்டக் களட்டோணும். செல்வத்துக்குப் போன் போடோணும். நான் போட்டா எடுக்க மாட்டான்" என்றார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்ற போன்லருந்து போடுங்க. எடுப்பான். நான் தெனமும் அவங்கூடப் பேசிட்டுத்தான இருக்கறன்" என்றார். அப்பா அம்மாவை வெறித்துப் பார்த்தார். "உங்களுக்கு மட்டுந்தான் சட்டம் போடத் தெரியுமா?" என்றார் அம்மா.

போனை என் கையில் கொடுத்தார்கள். மாமா உடனே எடுத்தார். நான் "மாமா" என்றதும், "என்ன கண்ணு, கவுந்துருச்சா?" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை.

"இல்லீங்க மாமா. இன்னும் இல்ல."

"ஆரும் மேல நிக்கலையே?"

"இல்லீங்க. காலைலதான் ஏர்றாங்க. மாமா, தகடு அடிக்கச் சொன்னது எனக்குக் கீழ பாக்கப் பயமா இருந்துச்சுங்க, அதனாலதான்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு. நீ கம்பியப் புடிச்ச புடியப் பாத்தா குருடனுக்கே தெரியும்."

தெரிந்திருந்தும் அவர் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மேலே எழுதியிருக்கிறேன். "அன்னைக்குப் பேசுனதுக்கு மன்னிச்சிருங்க மாமா" என்றேன். "அது செரி, உடு" என்றார். "தகட்டக் களட்டறப்ப காத்து அடங்கியிருக்கறப்பக் களட்டச் சொல்லு. மச்சான ஏற உடாத. இளவட்டப் பசங்கள ஏறச் சொல்லு, கயிறு கட்டிக்கிட்டு." நான், "நீங்க வாரீங்களா மாமா?" என்று கேட்டேன். "பாக்கறன் கண்ணு" என்றார். எங்கள் வீட்டில் யாராவது பாக்கறன் என்றால் வரப்போவதில்லை என்று அர்த்தம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. மன்னிப்புக் கேட்டுச் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆள் திரும்பி வருவது வேறு.

ஜன்னல் வெளுத்துவிட்டது. அப்பா ஸ்பேனர் பையைக் கட்டிவிட்டார். தகட்டைக் கழற்றினால் மட்டும் போதாது, அந்தக் காலுக்குப் பாறையில் வேறு இடத்தில் புதிதாகத் துளை போட வேண்டும், அதற்கு இன்ஜினியரை மறுபடியும் கூப்பிட வேண்டும், அதுவரை யாரும் ஏறக் கூடாது என்கிறார். அப்படியென்றால் இன்றைக்குத் திறப்பு கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் வருவார், மேளம் வரும், எங்கள் பள்ளிக்கூடம் வரிசையாக வரும். கரட்டின் அடியில் நின்று அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும். "நான் சொல்றனுங்கப்பா" என்றேன். "நான் கட்டுனது சாமி. நாந்தான் சொல்லோணும்" என்றார். கவிழும் என்ற அந்தச் சொல்லை அவர் வாயால் நான் இதுவரை கேட்டதே இல்லை. இன்றைக்கு ஊருக்கு முன்னால் சொல்லப்போகிறார். குளித்துவிட்டு வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார், திறப்பு விழாவுக்கென்று அம்மா இஸ்திரி போட்டு வைத்த அதே வேட்டி. முடிச்சு சரியாக வரவில்லை. திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டுகிறார்.

உனக்கு நான் என்ன சொல்லி அனுப்புவேன் என்று தமிழம்மா கேட்டாரே. அஞ்சாதே என்று சொல்ல மாட்டேன், எனக்கே முடியவில்லை. அஞ்சு. அஞ்சுகிறேன் என்று யாரிடமாவது உடனே சொல்லிவிடு. பயத்துக்கு வேறு பெயர் வைத்து அதைத் தகடாக அடித்து ஊர்ப் பெயரை எழுதி வைக்காதே. ஒரு நாள் நானும் ஏதாவது கட்டுவேன். வீடோ, பாலமோ, உன் வாழ்க்கைக்கு ஒரு ஏற்பாடோ, தெரியாது. அதன் கால் எழும்புவதை நீ பார்த்தால் என்னிடம் வந்து சொல். அப்போது நான் முகம் சுளிக்கலாம். வாயைக் கழுவு என்றுகூடச் சொல்லலாம். என் அப்பாவின் மகள்தானே நானும். அதற்காக வாயை மூடிக்கொள்ளாதே. மறுபடியும் சொல்.

அப்பா வண்டியை எடுத்துவிட்டார். போய்விட்டு வருகிறேன்.

உன் அம்மா